காட்டுவழிக்கு ஒரு கருவி



பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் சக ஆசிரியர்களும் பெற்றோர் சிலரும் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “மலையேறப் போகிறோம். எந்த ஜிபிஎஸ் கருவியை வாங்கலாம்? எந்த நிலப்பட மென்பொருள் நல்லது?” என்பதே அது. ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்தான். ஆனால், அந்த ஒரு வரிப் பதிலுக்கு நான் வந்து சேர்ந்தது ஓர் இரவு முழுவதும் மழையில் உட்கார்ந்திருந்த பிறகுதான். ஆகவே, அந்த இரவிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் சொன்ன பொய்

2019-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், ஆண்டிறுதி விடுமுறை. நாங்கள் மூவர் நுவாங் மலைக்குப் புறப்பட்டோம். உலு லங்காட் வட்டாரத்தில் பங்சூன் என்னுமிடத்திலிருந்து ஏறும் இம்மலையின் உயரம் 1,493 மீட்டர். என்னுடன் வந்தவர்களில் ஒருவர், பணி ஓய்வுக்கு இன்னும் இரண்டு ஆண்டுகளே இருந்த மூத்த ஆசிரியர். மற்றவர், அவ்வாண்டுதான் எங்கள் பள்ளிக்கு மாற்றலாகி வந்த இளைய ஆசிரியர். நான் அதற்கு முன் நான்கு முறை அம்மலையில் ஏறியவன் என்பதால், யாரும் நியமிக்காமலே நான் தலைவனாகிவிட்டேன்.

காலை 8 மணிக்கு நடக்கத் தொடங்கினோம். லோலோ முகாம் வரையிலான நெடிய செம்மண் பாதையைக் கடந்து, செங்குத்தான ஏற்றத்தில் வேர்களைப் பிடித்து ஏறி, உச்சியை அடைந்தபோது பிற்பகல் 2 மணி. அப்போதே நேரம் கடந்துவிட்டது. இறங்கத் தொடங்கிய சிறிது நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. டிசம்பர் மாதத்து மழையைப் பற்றி நம் நாட்டில் வாழும் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

பெங்காசே சிகரத்தைத் தாண்டி இறங்கும் வழியில், மலைமுகடு ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்தது. இரு கிளைகளிலும் மிதிபட்ட தடம் இருந்தது. மழைநீர் இரண்டிலும் ஓடியது. கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். யாரோ ஒருவர் நடந்து பதிவுசெய்த தடத்தை முன்னாள் இரவே அதில் இறக்கி வைத்திருந்தேன். ஆனால், நிலப்படத்தை இறக்கி வைக்க மறந்திருந்தேன். அங்கோ தொலைத்தொடர்பு அலைவரிசை இல்லை. வெள்ளைத் திரையில் ஒரு கோடு. அக்கோட்டின் அருகே நீலப் புள்ளி ஒன்று. அவ்வளவுதான்.

“தம்பி, நாம் வந்த வழி இதுதானா?” என்று மூத்த ஆசிரியர் கேட்டார்.

“ஆமாம் ஐயா. எனக்கு வழி தெரியும்,” என்றேன்.

எனக்குத் தெரியாது, அன்பர்களே. புள்ளி கோட்டின் அருகில் இருக்கிறது என்பது மட்டுமே தெரியும். ஆனால், இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் நின்று பழகிய நாவுக்குத் ‘தெரியாது’ என்னும் சொல் எளிதில் வருவதில்லை. அதுவும் இளைய ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது வருவதே இல்லை.

இடப்பக்கக் கிளையில் இறங்கினோம். முக்கால் மணி நேரம் கழித்து, கீழே நீரின் ஓசை மட்டும் கேட்கும் செங்குத்துச் சரிவின் விளிம்பில் நின்றோம். திரும்பி ஏற முனைந்தபோது மூத்த ஆசிரியரின் கால் இரு வேர்களுக்கிடையே சிக்கிப் பிசகியது. கைப்பேசியில் 6 விழுக்காடு மின்சக்தி எஞ்சியிருந்தது. ஈர விரலால் தொட்டால் திரை அசையவில்லை. மழைத்துளி விழுந்தால் தானாக அசைந்தது. காட்டினுள் ஆறரை மணிக்கெல்லாம் இருள் சூழ்ந்தது. ஒரே மழைக்கோட்டை மூவரும் போர்த்திக்கொண்டு, மரமொன்றின் அடியில் உட்கார்ந்தோம். இரவு முழுவதும் அவருடைய உடல் நடுங்குவதை என் தோளில் உணர்ந்துகொண்டிருந்தேன். அவர் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சற்று இலகுவாக இருந்திருக்கும்.

விடிந்ததும் அவரைத் தாங்கிக்கொண்டு மேலே ஏறி, முகடு பிரிந்த அதே இடத்தை அடைந்தோம். சரியான பாதை வலப்பக்கத்தில் இருந்தது. எங்களுக்கும் அதற்கும் இடையே தவறு தொடங்கிய அகலம் ஒரு வகுப்பறையின் நீளம்கூட இராது!

வீட்டிற்கு வந்தேன். என் துணைவியார் திட்டவில்லை. “காவல் நிலையத்தில், ‘எந்தப் பாதையில் போனார்கள்?’ என்று கேட்டார்கள். எங்கே தேடச் சொல்வதென்றுகூட எனக்குத் தெரியவில்லையே!” என்று மட்டும் கூறினார். அச்சொல் இன்றும் என் காதில் இருக்கிறது.

கோடு வேறு, நிலப்படம் வேறு

2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. காடுகள் மூடப்பட்டன. வீட்டிலிருந்தே இயங்கலையில் பாடம் நடத்திய அம்மாதங்களில், இரவு நேரங்களில் நான் மாணவனானேன். அந்த முகட்டில் என்ன நடந்தது என்று புரிந்துகொள்ளும்வரை எந்தக் கருவியையும் வாங்குவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

முதலில் பலருக்குள்ள ஓர் ஐயத்தை நீக்கிவிடுகிறேன். கைப்பேசியில் தொலைத்தொடர்பு அலைவரிசை இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். அது ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் துணைக்கோள்களிடமிருந்து நேரடியாகச் சமிக்ஞையைப் பெறுகிறது. ஒவ்வொரு சமிக்ஞையும் வந்துசேர எடுத்த நேரத்தைக் கணக்கிட்டு, குறைந்தது நான்கு துணைக்கோள்களின் தூரத்தைக் கொண்டு நம் இடத்தை அறிகிறது. அலைவரிசை இல்லாதபோது நின்றுபோவது ஜிபிஎஸ் அன்று; இணையத்திலிருந்து வரவேண்டிய நிலப்படமே. அன்று என் திரை வெறுமையாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது பிழை. ஒளி ஒரு நொடியில் ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. எனவே, நேரக் கணக்கில் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரம் 300 மீட்டர் பிசகிவிடும். திறந்த திடலில் இக்கணக்கு நன்றாகவே நடக்கிறது. நம் மழைக்காட்டிலோ ஈர இலைகள் சமிக்ஞையை நலிவாக்குகின்றன. மலைச்சரிவுகள் அதைத் திருப்பி எறிகின்றன. நேர்வழியில் வராமல் மோதித் திரும்பி வரும் சமிக்ஞை, கூடுதல் தூரம் பயணம் செய்ததால் நம்மை வேறிடத்தில் காட்டுகிறது.

ஆக, நீலப் புள்ளி என்பது உண்மையில் புள்ளியன்று, ஒரு வட்டம். நான் நம்பிய தடமும் இன்னொருவரின் கருவி அதே மரங்களின்கீழ் பதிவுசெய்தது. அதற்கும் அதே பிழை உண்டு. இரு கிளைகளும் பிரியும் இடத்தில் அவற்றுக்கிடையேயான தூரம், இவ்விரு பிழைகளையும்விடக் குறைவு. அவ்விடத்தில் எந்தக் கருவியாலும் எனக்குப் பதில் கூறியிருக்க முடியாது. ‘தெரியாது’ என்பதே அங்கே சரியான விடை!

கருவியைத் தேர்ந்தெடுத்த கதை

மலையேறும் நண்பர்களிடமிருந்து இரண்டு கருவிகளை இரவல் பெற்றேன். ஒன்று, 2019-இல் வெளிவந்த கார்மின் ஈட்ரெக்ஸ் 32எக்ஸ். மற்றொன்று, 2020-இல் வெளிவந்த ஜிபிஎஸ்மேப் 65எஸ். நடமாட்டம் தளர்த்தப்பட்ட பிறகு, வீட்டிற்கு அருகிலுள்ள பழைய ரப்பர்த் தோட்டத்தில் இரண்டையும் சோதித்தேன். சோதனை மிக எளியது, நீங்களும் செய்யலாம். அடர்ந்த மரங்களின்கீழ் ஒரே பாதையில் போய், அதே பாதையில் திரும்புங்கள். பதிவான இரு கோடுகளும் எவ்வளவு விலகியிருக்கின்றனவோ, அதுவே அக்கருவி அவ்விடத்தில் உங்களுக்குக் காட்டும் உண்மையான குணம். விளம்பரத் தாள் எதுவும் இதைச் சொல்லாது.

என் சோதனையில் 65எஸ் கருவியின் கோடுகள் நெருங்கியிருந்தன. அது துணைக்கோள்கள் பலவற்றிடமிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட அலைவரிசைகளைப் பெறக்கூடியது. அதனால் மோதித் திரும்பும் சமிக்ஞையை ஓரளவு இனங்காண முடிகிறது. ஆயினும், நான் அதைத் தேர்ந்தெடுத்தமைக்கு அது மட்டும் காரணமன்று. வரிசைப்படுத்திக் கூறுகிறேன்.

1. பொத்தான்கள். தொடுதிரை மழையில் என்னைக் கைவிட்டதை மறக்கவில்லை. குளியலறையில் குழாயடியில் கைகளை நனைத்துக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு, இரு கருவிகளையும் இயக்கிப் பார்த்தேன். துணைவியார் கதவைத் தட்டி, “உள்ளே என்ன செய்கிறீர்கள்?” என்று கேட்டது தனிக்கதை. 65எஸ் கருவியின் தனித்தனிப் பொத்தான்கள் என் விரல்களுக்கு எளிதாக இருந்தன.

2. மின்கலம். இரண்டுமே கடையில் கிடைக்கும் ஏஏ வகை மின்கலம் இரண்டில் இயங்குபவை. உற்பத்தியாளர் கணக்கின்படி 32எக்ஸ் 25 மணி நேரமும், 65எஸ் 16 மணி நேரமும் தாங்கும். இதில் 32எக்ஸ் கருவியே சிறந்தது. ஆனால், பையில் இன்னும் இரண்டு மின்கலம் வைத்துக்கொண்டால் இக்குறை தீர்ந்தது.

3. திசைகாட்டியும் காற்றழுத்த உயரமானியும். இரு கருவிகளிலும் இவை உண்டு. இவ்வரிசையின் மலிவான கருவிகளில் இல்லை. திசைகாட்டி உணரி இல்லாத கருவி, நாம் நடந்தால்தான் திசையை அறியும், நின்றால் குழம்பும். பிரிவழியில் நாம் செய்வதோ நிற்பதுதானே! உயரமானியைப் புறப்படும் இடத்தில், தெரிந்த ஓர் உயரத்தைக் கொண்டு சரிசெய்துகொள்ள வேண்டும்.

4. திரை. 32எக்ஸ் 2.2 அங்குலம், 65எஸ் 2.6 அங்குலம். நாற்பதைக் கடந்த கண்களுக்கு அந்த 0.4 அங்குலத்தின் அருமை தெரியும்.

விலை ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டியது. ஒவ்வொருவரும் இவ்வளவு செலவிட வேண்டுமா? வேண்டியதில்லை. காலையில் ஏறி நண்பகலுக்குள் இறங்கும் சிறு குன்றுகளுக்கு, நிலப்படத்தை முன்கூட்டியே இறக்கி வைத்த கைப்பேசியும் கூடுதல் மின்சேமிப்பியும் போதும். இன்றைய கைப்பேசிகள் இடத்தைக் கணிப்பதில் கைக்கருவிகளுக்குப் பெரிதும் பின்தங்கியவை அல்ல. நீண்ட பயணத்தில் கைப்பேசியை அணைத்து, உலர்வாக, உதவி கேட்பதற்கென்று காத்து வைக்கவேண்டும் என்பதற்காகவே தனிக்கருவி தேவைப்படுகிறது.

வீட்டுப்பாடம்

கருவி பாதிதான். மறுபாதி, வீட்டு மேசையில் கணினி முன் நடக்கும் வேலை. நான் கார்மின் பேஸ்கேம்ப், கியூஜிஐஎஸ் ஆகிய இரு மென்பொருள்களைப் பயன்படுத்தினேன். கருவிக்குத் தடத்தை ஏற்றவும் இறக்கவும் முதலாவது போதுமானது. பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்க்க இரண்டாவது உதவும். அது இலவச மென்பொருள், ஆனால் கற்க ஓரிரு வாரம் பொறுமை தேவை. எதைத் தேர்ந்தாலும் ஜிபிஎக்ஸ் கோப்பைத் திறக்கவும் சேமிக்கவும் தெரிந்த மென்பொருளாக இருக்கவேண்டும். அப்போதுதான் நாளை கருவியை மாற்றினாலும் உங்கள் தடங்கள் உங்களுடனே இருக்கும்.

என் வேலைமுறை இது. ஒரே பாதைக்கு வெவ்வேறு நபர்கள் பதிவுசெய்த மூன்று நான்கு தடங்களைச் சேகரித்து ஒன்றாகப் பரப்புவேன். அவை நெருங்கி ஓடும் இடத்தில் பாதை உறுதி. சிதறும் இடத்தில் ஏதோ சிக்கல் உண்டு. அவ்விடங்களில் ஒரு குறியிட்டு, ‘இங்கே நில்’ என்று பெயரிடுவேன். நுவாங் மலைக்கு இவ்வாறு செய்தபோது, நாங்கள் வழிதவறிய முகட்டில் ஒரு தடம் இடப்பக்கம் சிறிது தூரம் போய்த் திரும்பியிருப்பதைக் கண்டேன். எங்களுக்கு முன்பே ஒருவர் அங்கே தவறியிருக்கிறார், ஆனால், திரும்பியிருக்கிறார்!

நிலப்படத்தையும் முழுமையாக நம்பிவிடக் கூடாது. தன்னார்வலர்கள் உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவைக் கொண்டு அமைந்த இலவசப் படத்தையே நான் கருவியில் ஏற்றினேன். அதன் சம உயரக் கோடுகள், 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பயணத்தில் ரேடார் கொண்டு அளந்த தரவிலிருந்து பிறந்தவை. அடர்ந்த காட்டில் அந்த ரேடார் அலை தரையை எட்டாமல் மரங்களின் மேற்பகுதியிலேயே பெரும்பாலும் திரும்பிவிடும். மேலும், ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஓர் உயரம் என்னும் கணக்கு அது. குறுகிய ஓடைகளும் சிறு பாறைச் சரிவுகளும் அதில் தெரியா. எங்களை நிறுத்திய அந்தச் செங்குத்துச் சரிவு, படத்தில் சாதாரண இறக்கமாகவே காட்சியளிக்கிறது.

பழைய தாள் நிலப்படம் வைத்திருப்போர் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். தீபகற்ப மலேசியாவின் பழைய படங்கள் பகாங்கிலுள்ள கெர்தாவ் குன்றை அடிப்படையாகக் கொண்ட அளவைமுறையைப் பின்பற்றியவை. ஜிபிஎஸ் கருவியோ டபிள்யூஜிஎஸ் 84 என்னும் உலக முறையைப் பின்பற்றுகிறது. அமைப்பை மாற்றாமல் ஒன்றிலுள்ள எண்ணை மற்றொன்றில் குறித்தால், இடம் 100 மீட்டருக்கும் மேலாக விலகிவிடும்.

எண்ணை எழுதும் முறையும் முக்கியம். 3 பாகை 15.5 நிமிடம் என்பதும் 3.155 பாகை என்பதும் ஒன்றல்ல. 15.5-ஐ 60-ஆல் வகுத்தால் 0.258. ஆகவே, முன்னது 3.258 பாகை. ஒரு பாகை அட்சரேகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர். அப்படியானால், இரண்டிற்கும் இடையே 11 கிலோமீட்டருக்கு மேல் வேறுபாடு! மீட்புப் படையினருக்கு இடத்தைச் சொல்லும்போது இப்பிழை நேர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இக்கணக்கைக் கொடுத்தேன். தசமப் புள்ளி ஏன் முக்கியம் என்று அதன்பின் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

இறுதியாக, புறப்படும் முன் ஜிபிஎக்ஸ் கோப்பும், அப்பாதையின் அச்சுப் படமும், ‘இத்தனை மணிக்குள் அழைக்காவிட்டால் 999-ஐ அழைக்கவும்’ என்னும் குறிப்பும் துணைவியாரின் கைக்குப் போகும். அவர் கேட்ட கேள்விக்கு என்னால் தரமுடிந்த பதில் அதுதான்.

அவர் சொன்னது

கருவி வாங்கிய மாதம், மூத்த ஆசிரியரின் வீட்டிற்குச் சென்றேன். கால் குணமாகியிருந்தது, ஆனால், மலைக்கு இனி வருவதில்லை என்று முடிவெடுத்திருந்தார். முற்றத்தில் நின்று கருவியை இயக்கிக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, திரையின் ஒரு மூலையைச் சுட்டினார்.

“இந்த ±4 மீட்டர் என்பது என்ன, தம்பி?”

“தன்னுடைய கணிப்பில் இவ்வளவு பிழை இருக்கலாம் என்று அதுவே சொல்கிறது, ஐயா. காட்டுக்குள் போனால் அந்த எண் கூடும்.”

சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சிரித்தபடியே, “உன்னைவிட இது நேர்மையானது,” என்றார்.

நானும் சிரித்தேன். அன்று மலையில் தெரியாமலே தெரியும் என்று சொன்னதை அப்போதுதான் அவரிடம் ஒப்புக்கொண்டேன். “எனக்கு அப்போதே தெரியும். நீ தெரியும் என்று சொன்ன வேகத்திலேயே தெரிந்தது. நானும் ஆசிரியன்தானே!” என்றார்.

மீண்டும் அந்த முகடு

2022-இல், முறையாக அனுமதி பெற்று, உள்ளூர் மலை வழிகாட்டி ஒருவருடன் அதே மலைக்குப் போனோம். இளைய ஆசிரியரும் வந்தார். இறங்கும்போது, குறித்து வைத்த இடத்தில் கருவி ஒலி எழுப்பியது. இரு கிளைகள், இரண்டிலும் மிதிபட்ட தடம். வழிகாட்டி ஒன்றும் பேசாமல் வேர் ஒன்றின்மேல் அமர்ந்து, காலிலிருந்த அட்டையைப் பிடுங்கத் தொடங்கினார்.

“எந்தப் பக்கம், ஐயா?” என்று இளைய ஆசிரியர் கேட்டார்.

திரையைப் பார்த்தேன். ±11 மீட்டர். “தெரியவில்லை. சற்றுப் பொறுங்கள், பார்த்துச் சொல்கிறேன்,” என்றேன்.

மேலே ஏறியபோது கருவி பதிவுசெய்திருந்த எங்கள் தடத்தைத் திரைக்குக் கொண்டுவந்தேன். திசைகாட்டியைப் பார்த்து, இடப்பக்கக் கிளையில் அறுபது அடி எடுத்து வைத்தேன். பதிவான தடம் மெல்ல விலகியது. இன்னும் நாற்பது அடி. இப்போது விலகல் பிழையின் அளவைத் தாண்டிவிட்டது. காலையில் ஏறிவந்தபோது கண்ட திசைக்கும் இது பொருந்தவில்லை. திரும்பி வந்து, வலப்பக்கத்தைக் காட்டினேன். மொத்தம் ஐந்து நிமிடம் செலவாகியிருக்கும். வழிகாட்டி எழுந்து, தலையசைத்துவிட்டு வலப்பக்கம் நடந்தார்.

ஆகவே, கேட்ட நண்பர்களுக்கு என் ஒரு வரிப் பதில் இதோ: ஈரக் கையால் இருட்டில் இயக்கமுடிந்த எந்தக் கருவியும் நல்லது, நிலப்படத்தை நீங்களே வீட்டில் சோதித்து ஏற்றியிருந்தால், எந்த மென்பொருளும் நல்லது. வன இலாகாவின் அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் தேவைப்படும் மலைகள் பல உள்ளன, முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், கருவியை அவர்கள் கையிலும் கொடுத்து, அந்த ± எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். அது ஏன் மாறுகிறது என்று அவர்கள் நிச்சயம் கேட்பார்கள். பதில் தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லிவிடுங்கள்.

நலமாய்ப் போய், நலமாய்த் திரும்புங்கள். மீண்டும் சந்திப்போம்.